ஏழு துண்டு வியாதி

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்வதில்லை என்று வெள்ளிக்கிழமையே தீர்மானம் நிறைவேற்றிவிட்டேன். விழுந்தது ஒரே ஓட்டு. அதையும் ரகசியமாகத்தான் போட்டேன்.

நான் அகராதி அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துபவன். நீள நீளமான ஆங்கிலச் சொற்களைத் துண்டு போட்டு, எந்தத் துண்டை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதன் தலையில் ஒரு கோடு இழுப்பது என் பிழைப்பு. பரணுக்குத் தோதான வியாதியும் அங்கேதான் கிடைத்தது. ஹைப்பர்சென்சிட்டிவிட்டி! நடுவில் ‘சென்ஸ்’ என்று சின்ன வேர். முன்னால் ஒரு தலை, பின்னால் இரண்டு வால். கடைசி வால் ‘இட்டி’ என்றால் அதற்கு முந்தைய துண்டில் குத்து விழ வேண்டும். வாயால் உடைத்துச் சொன்னால் ஹை-பர்-சென்-சி-டிவ்-இ-டி என்று ஏழு துண்டு, ஐந்தாவதில் அழுத்தம். குளியலறையில் வாளியைத் தட்டித் தட்டி இரண்டு நாள் பழகினேன்.

ஞாயிறு காலை என் மனைவி ஏணியோடு வந்தாள்.

“எனக்குத் தூசியே ஆகாதும்மா. ஹைப்பர்சென்சிட்டிவிட்டி!”

ஐந்தாவது துண்டில் இடி கச்சிதமாக இறங்கியது.

“ஐயையோ! யாரு சொன்னா?”

“ஆபீஸ்ல ஒரு வாரமா இதே பேச்சுதான்.”

இது பொய்யில்லை. அந்தச் சொல் இருந்த அச்சுப் பக்கம் ஒரு வாரமாக என் மேஜையில்தான் கிடந்தது.

“அப்போ நீங்க ஏறவே வேண்டாம். உட்காருங்க.”

மின்விசிறியையும் போட்டுவிட்டாள். இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதற்குள் அவள் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

“பழைய பேப்பர்க்காரரே, கொஞ்சம் நில்லுங்க!”

“அவர் எதுக்கு?”

“பரண்ல தூசி அடையறதே உங்க பழைய அகராதிலதானே? பதினெட்டுப் பெட்டி! வியாதின்னு தெரிஞ்சும் வீட்ல வெச்சிருக்க எனக்கென்ன கல்நெஞ்சா?”

துள்ளி எழுந்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒவ்வொன்றாகச் சேர்த்த உயிர்கள் அவை.

“துடைச்சு அடுக்கிட்டா தூசி ஏது? நானே பண்றேன்!”

“உங்க உடம்பு...”

“என் உடம்புக்கு என்ன கேடு?”

ஏணியில் பாய்ந்தேன். அவள் கீழே பிடித்துக்கொண்டாள்.

“ஏழு படிதாங்க. அஞ்சாவதுல மட்டும் வாளியைத் தட்டுற மாதிரி ஓங்கி அழுத்தாதீங்க. ஒடைஞ்சிடும்.”

சாயங்காலத்துக்குள் பரண் பளபளத்தது. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. இறங்கியதும் ஜன்னலுக்கு ஓடினேன்.

“பேப்பர்க்காரர் போயிட்டாரா?”

“அவரு என்னிக்குங்க ஞாயித்துக்கிழமை வந்திருக்காரு?”