ஏசி ரூமில் பெருவாகை

ஜங்லிகாட்,
போர்ட் பிளேர்.

கீழக்கரையில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் அலி அக்பர் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரஷீதாவின் கணவன் ஜாபர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது; ஆனால் நோன்பு வைத்துக்கொண்டு பொய் எழுதக் கூடாது. போனில் சொல்லலாமென்றால் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. அதனால்தான் இதை எழுதிப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கவும்.

பெருநாளைக்கு மாமியை அழைத்துக்கொண்டு வருகிறோம், ஏசி ரூம் தயாரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்று ரஷீதா சொன்னதும், 'மாப்பிள்ளைக்கு மனசு இல்ல' என்று நீங்கள் சொன்னதாகக் கேள்வி. மனசெல்லாம் இருக்கிறது மச்சான். ரூமில்தான் மரம் இருக்கிறது.

பெருவாகை என்று ஒரு காட்டு மரம். கஷாயத்துக்கு அதன் வேர்ப்பட்டையை ஆளாளுக்கு உரித்து உரித்து, எங்கள் பக்கத்துக் காட்டில் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைப் பெருக்கலாமென்று எங்கள் மரக்கன்று நர்சரி ஆபீசர் சிவபிரகாஷ் கிளைகளை வெட்டி வரச் சொன்னார். துண்டு போட்டு, வேர் பிடிக்க வைக்கும் பொடியில் தோய்த்து, மணலில் நட்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தோம். எல்லாக் குச்சியும் இலை விட்டது. ஆபீசர் சந்தோஷத்தில் ஊருக்கே ரசகுல்லா கொடுத்தார். அப்புறம் தொட்டிக்கு மாற்றலாமென்று பிடுங்கிப் பார்த்தால், ஒன்றிலாவது வேர் இருக்க வேண்டுமே! குச்சிக்குள்ளே இருந்த சத்தை வைத்தே இலை விட்டு எங்களை ஏமாற்றியிருக்கிறது. தின்ற ரசகுல்லா அத்தனையும் தண்டம். அதற்குள் காட்டிலிருந்த அந்த ஒற்றை மரமும் காற்றில் விழுந்துவிட்டது. போய்ப் பார்த்தேன் மச்சான். என்னமோ தெரியலை, அழுதுட்டேன்.

விழுந்த மரத்தில் வாடாமல் இருந்த துளிர்களைக் கிள்ளி வந்தோம். நகக்கண் அளவு துளிரை மருந்தில் அலசி, பாட்டிலுக்குள் சத்து ஜெல்லியில் நிறுத்தி மூடுவது. டிஷ்யூ கல்ச்சர் என்பார்கள். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துப் போச்சு. மிச்சம் பிழைத்ததே என்று மூச்சு விட்டால், நர்சரி லேபில் ஏசி படுத்துவிட்டது. பார்ட்ஸ் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரணும். கப்பல் எப்போ என்று கேட்டால், "ஆயேகா பாய், ஆயேகா" என்று 'வரும், வரும்' பாட்டே பாடுகிறான் துறைமுகத்தில் இருக்கிறவன். ஆபீசர் என் தோளில் கை போட்டார்.

"ஜாபர் பாய், உங்க வீட்ல ஏசி இருக்குல்ல? ரெண்டு நாள்தான்."

இப்போது ரெண்டாவது மாசம். கட்டில் மேல பாட்டில், பீரோ மேல பாட்டில், நாங்க ஹால்ல. டியூப் லைட் பதினாறு மணி நேரம் எரியணும், அந்த வெளிச்சம் கதவிடுக்கு வழியா மூஞ்சியில அடிக்குது. ரஷீதா சேலை எடுக்கப் போனாலும் கையை ஸ்பிரிட்டில் கழுவிவிட்டுத்தான் போகணும். "கட்டுன பொண்டாட்டிக்கு ஃபேனு, குச்சிக்கு ஏசியா? நல்லாருக்கு உங்க நியாயம்!" என்கிறாள்.

இந்த லட்சணத்தில், ஜெல்லி மாற்றுகிற நாளன்று லேபில் அகார் தீர்ந்துவிட்டது. அதுவும் கப்பலில்தான். அகார் என்றால் வேறென்ன, நம்ம கடல்பாசிதானே மச்சான்! நோன்பு திறக்க இனிப்பு காய்ச்சலாமென்று ரஷீதா வாங்கி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அது கலரும் வாசனையும் சேர்த்த பாக்கெட் என்பது கொதித்த பிறகுதான் தெரிந்தது. ஆபீசர் முகம் செத்துப்போச்சு. "சலேகா, டென்ஷன் மத் லோ" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு அவர் டென்ஷனாகி உட்கார்ந்துவிட்டார். வேற வழியில்லாம அதுலயே துளிரை நிறுத்தினோம்; பாட்டிலெல்லாம் ரோஸ் கலர்ல பளபளன்னு நிக்குது. நோன்பு திறக்க வெறும் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்த ரஷீதா அப்போது பேசிய பேச்சை இந்த மாசத்தில் எழுத முடியாது. கடைசியில் ஒன்று சொன்னாள்: "எங்க உம்மா வர்றதுக்குள்ள இதுல ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக் கூடாது, ஆமா."

எனக்கும் அலுத்துவிட்டது மச்சான். வேரும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. நாளைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆபீசரிடம் இன்று சொல்லிவிட்டேன். இந்த வெக்கையில் வெளியே வைத்தால் அவை தாங்காது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதோடு அந்த மரம் மொத்தமா போச்சு. மனசு கனமாத்தான் இருக்கு. ஆனால் மாமிக்கு ஏசி இல்லாமல் ஆகாதே. உடனே டிக்கெட் போடுங்கள். ரூம் மாமிக்குத்தான், சத்தியமாக.

மாமிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நல்ல உடம்பையும், ராத்திரியில் நல்ல இருட்டையும் கொடுப்பானாக.

இப்படிக்கு,
ஜாபர்

பி.கு.: கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுகிறேன், உள்ளேயிருந்து ரஷீதா அலறினாள். பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கப் போனவள், ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வேர் மச்சான், வேர்! சேமியாத் துண்டு மாதிரி வெள்ளையாக. ஆபீசருக்குப் போன் போட்டால், மனிதர் போனை வைக்காமலே வண்டியை ஸ்டார்ட் செய்கிறார். ஆகவே டிக்கெட் போட வேண்டாம். போட்டிருந்தால் கேன்சல் செய்யவும். இதை நான் சொல்லவில்லை. உங்கள் தங்கைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று சொல்கிறாள்: "அலி அக்பர் காக்காட்ட எழுதுங்க, உம்மா அடுத்த பெருநாளைக்கு வரட்டும். பச்சப்புள்ள கெடக்குற ரூமுக்குள்ள இப்ப ஒருத்தரும் வரக் கூடாது."