கட்டிலுக்கு இன்னும் ஒரு செங்கல்

பழகிடும் பெருமானை உங்களுக்குத் தெரியும். தெரியாதே என்று இப்போதே தலையை ஆட்டாதீர்கள். ஆளைப் பார்த்தால் தெரியாமல் போகலாம், வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். தெருவில் பள்ளம் விழுந்தால் ‘பழகிடும்’ என்பார். குழாயில் பழுப்புத் தண்ணீர் வந்தால் ‘நாலு நாள்ல பழகிடும்’ என்பார். போன வருஷம் இதே மாதத்தில் போர்வை இல்லாமல் தூக்கம் வராது, இந்த வருஷம் சட்டை போட்டால் தூக்கம் வராது, என்ன சார் நடக்குது இந்த உலகத்தில் என்று யாராவது பேச்செடுத்தால், அவர் பதறவும் மாட்டார், பதிலுக்குச் சண்டை பிடிக்கவும் மாட்டார். தன் நாற்காலியை நிழல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, உங்களுக்கும் பக்கத்தில் ஒன்றை இழுத்துப் போட்டு, ‘இங்க உக்காருங்க, பழகிடும்’ என்று உபசாரம் பண்ணுவார். கெட்டவர் இல்லை, சோம்பேறி இல்லை, முட்டாளும் இல்லை. அதுதான் சங்கடமே. முட்டாளாக இருந்தால் எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

இந்த இனம் அலுவலகத்தில் உண்டு, ஆஸ்பத்திரியில் உண்டு, மந்திரி நாற்காலியிலும் உண்டு. அத்தனை பேரையும் இங்கே வரிசையில் நிறுத்த எனக்குப் பொறுமை இல்லை. ஒரே ஒருவரைக் காட்டுகிறேன், சோற்றுப் பதம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவே அவரை பிரேக் மாமா என்றுதான் கூப்பிடுகிறது. இரண்டு சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். மற்ற வேலைகளில் அவரைப்போல் பலர் உண்டு, பிரேக் விஷயத்தில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே காதைத் தீட்டிக்கொண்டு, ‘பின்சக்கரம் கீச்சுனு அழுவுது பாரு’ என்பார். வண்டிக்காரன் வந்து இறங்கினால் போதும், கச்சேரி ஆரம்பம்.

“லேசாத்தான் மாமா சத்தம் வருது. ஆனா நிக்குது.”

“நிக்குதா? என்னைக்கு நிக்காம போகும்னு உனக்கு வண்டி போன் பண்ணிச் சொல்லுமா?”

“இத்தனை நாள் ஓடிச்சே மாமா…”

“இத்தனை நாள் ஓடினதாலதான்டா தேய்ஞ்சிருக்கு! சத்தம் வர்றப்பவே கொண்டுவரணும். நிக்காம போனப்புறம் வண்டி என்கிட்ட வராது, நீ ஆஸ்பத்திரிக்குப் போவே. கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?”

என்ன ஞானம்! என்ன தீர்க்கதரிசனம்! இந்த மனிதரைத் தூக்கி உலக மாநாட்டு மேடையில் உட்காரவைத்தால் பூமி பிழைத்துப் போகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவசரப்படாதீர்கள். சாயங்காலம் பட்டறையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போகட்டும், பின்னாலேயே நாமும் போகலாம்.

வீடு தெருக்கோடியில் இருக்கிறது. பின்னால் ஒரு கால்வாய். மாமாவும் அத்தையும் கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள், மாடியிலும் ஒரு வீடு உண்டு. உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கட்டில். படாமல் எப்படி இருக்கும்? உங்கள் நெஞ்சு உயரத்துக்கல்லவா நிற்கிறது!

அது ஒரே நாளில் அப்படி வளரவில்லை. ஐந்தாறு வருஷங்களுக்கு முன் ஒரு பெருமழையில் கால்வாய்த் தண்ணீர் வாசற்படி தாண்டி வந்து கட்டில் காலை நனைத்தது. மாமா நான்கு காலுக்கும் ஒவ்வொரு செங்கல்லை நெட்டாக நிறுத்தி வைத்தார். விஷயம் முடிந்தது. ‘சாக்கடை அடைச்சிருக்கு, அதான்’ என்று காரணமும் கண்டுபிடித்தார். அடுத்த முறை தண்ணீர் செங்கல்லைத் தாண்டியது. இரண்டாவது செங்கல். ‘மதகை எவனோ திறந்து விட்டுட்டான்.’ அதற்கப்புறம் மூன்றாவது. ‘இந்த வருஷம் மட்டும் மழை கொஞ்சம் கூட.’ இந்த வருஷம் மட்டும் என்பது வருஷா வருஷம் வந்தது, செங்கல்லும் வருஷா வருஷம் வந்தது. ஐந்தாவது செங்கல் வைத்தபோது காரணம் தீர்ந்துபோய், ‘தண்ணின்னா வரத்தான் செய்யும்’ என்று தத்துவத்தில் இறங்கிவிட்டார்.

இப்போது அத்தை ஸ்டூல் போட்டு ஏறித்தான் படுக்கிறாள். மாமா ஆண்பிள்ளை, ஸ்டூல் போடுவாரா? நாலடி தள்ளி நின்று ஓடிவந்து தாவுகிறார். ஒரு நாள் காலையில் தூக்கக் கலக்கத்தில் சட்டென்று எழுந்து நின்றவருக்கு மின்விசிறி தலைமுடியைக் கலைத்துவிட்டது. விசிறியைக் கழற்றிச் சுவரில் மாட்டினார். டிவியைப் பரணுக்குப் பக்கத்தில் ஏற்றியாயிற்று. செய்தி கேட்கிறவர்கள் கழுத்தை அண்ணாந்து கிரகணம் பார்க்கிற தோரணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரிகிறதே, அது அசிங்கமாக இல்லையா? அதற்கும் மாமா வழி வைத்திருக்கிறார். கறை எட்டிய உயரம் வரைக்கும் காப்பிப்பொடி நிறத்தில் பெயிண்ட் அடித்துவிடுவார். முழங்கால் வரை இருந்த காப்பிப்பொடி இடுப்புக்கு வந்துவிட்டது. கேட்டால் டிசைன்.

“பருவநிலை மாறிக்கிட்டே வருதாம். கடல் சூடாகுதாம். இனிமே மழை பேஞ்சா இப்படித்தான் கொட்டுமாம்,” என்று அத்தை டிவியை அண்ணாந்து பார்த்தபடியே சொன்னாள்.

“அவனுங்களுக்கு வேற வேலை இல்லை. நான் சின்னப் பையனா இருந்தப்பவும் தண்ணி வந்திருக்கு.”

“வந்திருக்கும். முட்டி வரைக்கும் வந்துச்சா?”

“அப்ப எனக்கு முட்டியே கீழேதானே இருந்துச்சு!”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அத்தை டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் மட்டும் என்ன வாழ்ந்தது? பக்கத்து வீட்டுக்காரர் மாமாவின் கட்டிலைப் பார்க்கிறார், ஐந்து செங்கல். சரி, மனுஷன் நிம்மதியாகத்தானே இருக்கிறார் என்று தானும் ஐந்து வைக்கிறார். மாமா ஜன்னல் வழியே அவர் கட்டிலைப் பார்க்கிறார், அட, அவருக்கே பயமில்லை, நமக்கென்ன? இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தைரியம் வாங்கிக்கொண்டே தெரு முழுக்கக் கட்டில்கள் உயர்ந்துகொண்டிருந்தன. செங்கல் சூளைக்காரர் புண்ணியத்தில் யாருக்கும் குறைவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மகள் வயிற்றில் பேரன் பிறந்தான்.

ஒரே மகள். வேறு ஊரில் வேலை, அங்கேயே கல்யாணமாகிக் குடித்தனம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு வருஷமாவது அம்மாவோடு வந்து இருக்கிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து மாமா தரையில் நிற்கவில்லை. பட்டறையில் பிரேக் ஒயரை மாட்டிக்கொண்டே தாலாட்டு மாதிரி ஏதோ முனகினார். ஒரு கிலுகிலுப்பை வாங்கி, வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் ஆட்டிக் காட்டினார். பேரனைக் கையில் வாங்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அப்போது இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை. அதில் நான் கேலி பண்ண ஒன்றும் இல்லை.

ஆனால் மகள் போனில் ஒரு நிபந்தனை போட்டாள்.

“அப்பா, மேல் வீடு காலியா இருக்காமே. அம்மா சொன்னாங்க. நீங்க அங்க மாறுங்க, நான் வரேன். கீழ் வீட்டுக்கு இவனைத் தூக்கிட்டு வரமாட்டேன்.”

“அட, நீ ஏம்மா கவலைப்படறே? தொட்டிலுக்கு ஆறு செங்கல்லா வெச்சுடறேன்.”



“குழந்தையைப் பரண்ல ஏத்தி வெச்சு வளர்க்கச் சொல்றீங்களாப்பா?” என்று கேட்டுவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க மாமா யாரையும் திட்டவில்லை. கீச்சென்று அழுதுகொண்டு வந்த வண்டியைக்கூட ஒன்றும் சொல்லாமல் பார்த்துக் கொடுத்தார். மனசு அவ்வளவு வலித்திருக்கிறது. ஆனால் வலித்தால் மாறிவிடுவாரா? பழகிடும் பெருமானை என்னவென்று நினைத்தீர்கள்!

“ஏங்க, சொல்லிடலாமா வீட்டுக்காரம்மாகிட்ட?” என்றாள் அத்தை. “வேற யாரோ வந்து மாடியைப் பார்த்துட்டுப் போனாங்களாம். விட்டா போயிடும்.”

“எதுக்கு? இத்தனை வருஷமா பாடுபட்டு சுவிட்சு போர்டெல்லாம் மேல ஏத்தி வெச்சிருக்கேன். அதை விட்டுட்டுப் போகச் சொல்றியா?”

“சுவிட்சு போர்டு பெருசா, பேரன் பெருசா?”

“தெருவுல யாராவது காலி பண்ணிட்டுப் போயிருக்காங்களா? நாம மட்டும் பயந்தாங்கொள்ளி மாதிரி…”

“தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு சொல்வாங்க. நீங்க சாண் சாணா அளந்துக்கிட்டே இருங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்தாள் அத்தை. மறுநாள் அவர் பட்டறைக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்காரம்மாவிடம் பேசி மாடி வீட்டுச் சாவியை வாங்கினாள். பாத்திரம் பண்டங்களை அவளே மாடிக்கு ஏற்றினாள். அந்த வாரமே மகளும் பேரனும் வந்து இறங்கினார்கள்.

மாமா என்ன செய்தார் தெரியுமா? சாப்பாடு மேலே, பேரன் மேலே, படுக்கை மட்டும் கீழே. “எனக்கு அந்தக் கட்டில்லதான் தூக்கம் வரும்” என்றார். கட்சியை விட்டுக்கொடுக்க முடியுமா? பேரனைக் கொஞ்சிவிட்டுப் படியிறங்கி வந்து, நாலடி தள்ளி நின்று, ஓடிவந்து தாவிப் படுத்துக்கொள்வார்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய மாதம். ஒரு விடுமுறை நாள் மத்தியானம், மாமா கட்டிலில் குட்டித் தூக்கத்தில் இருந்தபோது மழை பிடித்தது. காலண்டரில் அதற்கு இடமே இல்லை, மழைக்கு அது தெரியவில்லை. கொட்டு கொட்டென்று கொட்டியதில் கால்வாய் நிரம்பி, வாசற்படி ஏறி, முதல் செங்கல், இரண்டாவது செங்கல் என்று முறையாக வந்தது.

“என்னங்க! மேல வாங்க!” அத்தை மாடிப்படியில் நின்று கத்தினாள்.

“இரும்மா! நின்னுடும்!”

“அப்பா, விளையாடாதீங்க!” மகளின் குரலில் அழுகை இருந்தது.

“அஞ்சாவதைத் தாண்டாதும்மா. எனக்குத் தெரியும்!”

அதைத் தாண்டியது. மெத்தை அடியில் ஜில்லென்று பட்டபோதுதான் மாமா எழுந்தார். கட்டிலிலிருந்து தண்ணீருக்குள் இறங்கியவருக்கு இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. தலையணை ஒன்றை மட்டும் தூக்கிப் பிடித்தபடி, மிதந்து வந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டு, தட்டுத் தடுமாறி மாடிப்படிக்கு வந்தார். மகள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நனைந்த சட்டையை மாற்றிவிட்டு உட்கார்ந்தவர் மடியில் பேரனைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டான். மாமாவும் கண்கலங்கிவிட்டார். சரி, ஆள் திருந்திவிட்டார் என்று எனக்கும்தான் தோன்றியது.

ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் குடையோடு நிற்பது தெரிந்ததும் மாமா பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்கு வந்தார்.

“நான் அப்பவே சொன்னேன், மேல போயிடணும்னு! யார் கேட்டாங்க?”

அத்தை உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்தது. கோடை வந்தது. மாடி வீட்டுக்கு மேலே வேறு வீடு இல்லை, வெறும் தளம்தான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் பொழுது சாய்ந்தும் அதைக் கக்கிக்கொண்டிருந்தது. சுவரில் கை வைத்தால் சுட்டது. குழந்தைக்குக் கழுத்து, முதுகு எங்கும் வேர்க்குரு. பாலைக் குடிக்காமல், கண்ணை மூடாமல், குரல் கம்மிப்போகும் அளவுக்கு அழுதான்.

“முடியலைப்பா,” என்றாள் மகள், விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைக்காமல். “டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். வீடு சூடா இருந்தா மருந்து என்னம்மா பண்ணும்னு கேக்கறார். போன வருஷம் இப்படி இல்லைன்னு தெருவுல எல்லாரும் சொல்றாங்க.”

மாமா பேரனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். முதுகில் ஊதினார். பாவம், அவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஊதிக்கொண்டே, மெதுவாக, ஆறுதலாகச் சொன்னார்:

“அழாதடா கண்ணா. பழகிடும்.”

இத்தனை வருஷமாக அவர் சொன்னதெல்லாம் தப்பு. இந்த ஒரு தடவை மட்டும் மனிதர் சொன்னது சரி. அவனுக்குப் பழகிவிடும். போர்வை தேடிய மார்கழியையும், சொன்ன மாதத்தில் வந்த மழையையும் அவன் பார்த்ததே இல்லை. வெயில் என்றால் இதுதான், வீடு என்றால் இதுதான் என்று அவன் நினைத்துக்கொள்வான். நாளைக்கு யாராவது குறைப்பட்டுக்கொண்டால் அவனும் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவான்.

போகட்டும். நான் எழுதிய இந்தக் கதையை அத்தை ஒரு நாள் மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டேதான் படித்தாள். மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அச்சு அசலா இப்படித்தான்” என்றார்.

யாரென்று கேட்டதற்குப் பெயர் சொல்லவில்லை. நீங்கள் படிக்கும்போது யாரை நினைத்துக்கொண்டு சிரித்தீர்கள்?