ரிஜெக்டார் குப்பை என்றார்

பூமியில் இதுவரை எடுக்கப்பட்ட போட்டோக்கள் எல்லாமே தப்பு என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவரோடு ஒரே போட்டோ கிளப்பில் பல வருஷம் காலந்தள்ளியவன் நான். அதனால் இந்த வாரம் என் எழுத்தில் கொஞ்சம் சூடு தெறித்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. டைம் ஆபீசில் உட்கார்ந்து அவருக்கு வருகைக் குறி போட்ட எனக்கே அது மறந்துவிட்டது. எங்களுக்கு அவர் ரிஜெக்டார். எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் நெல் வயல், நடுவே எங்கள் கம்பெனி. இரும்புத் தகட்டை அழுத்தி லாரிகளுக்கு உதிரிபாகம் அடித்துத் தள்ளுகிற பிரஸ் ஷாப். அங்கே அவர் இன்ஸ்பெக்டர். காதில் எப்போதும் ஒரு மஞ்சள் பென்சில் செருகியிருப்பார். பீஸை எடுப்பார், திருப்புவார், முறைப்பார், ஒரு பெருக்கல் குறி போட்டு "ரிஜெக்ட்" என்று தூக்கிப் போடுவார். கேன்டீனில் ஒருநாள் மெதுவடையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓட்டை நடுவில் இல்லை என்று திருப்பி அனுப்பினார். வடையின் மேல் பென்சிலால் குறி போடாமல் விட்டாரே என்று கேன்டீன்காரர் நிம்மதியடைந்தார்.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருக்கலாமா? இருந்தது. போட்டோ.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு தையல் கடையின் மாடி. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே கூடுவோம். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் அவரவர் படத்தை மாட்டிவிட்டு, ஒருவர் படத்தைப் பற்றி மற்றவர் கருத்துச் சொல்ல வேண்டும். அதுதான் கிளப். தலைவர், பேங்க் கேஷியர் வரதன். சாது. கூட்டத்துக்கு வரும்போதே காராசேவு பொட்டலத்தோடு வருவார்.

அந்த வரதன் ஒருமுறை செம்பரம்பாக்கம் ஏரியில் சூரியன் மறைவதைப் படம் பிடித்து வந்து மாட்டினார். நாங்கள் எல்லோரும் ஆஹா என்றோம். ரிஜெக்டார் பேசாமல் தன் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து கொத்தனார்கள் வைத்திருக்கிற ரசமட்டத்தை எடுத்தார். அதைப் படத்தில் ஏரியின் கோட்டோடு ஒட்டிப் பிடித்தார்.

"இன்னா சார் இது? ஏரி இந்தப் பக்கம் சாயுது. இன்னும் கொஞ்ச நேரத்துல தண்ணி பூரா வழிஞ்சி கீழ டெய்லர் கடையில ஊத்தப் போவுது. துணியெல்லாம் எடுத்து உள்ள வெச்சிக்கச் சொல்லுங்க."

சொன்னதோடு விட்டாரா? காதிலிருந்து பென்சிலை எடுத்து வரதனின் சூரியன் மேலேயே ஒரு பெருக்கல் குறி போட்டார். வரதன் அன்றைக்குக் காராசேவை யாருக்கும் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் வரதன் ஒரு சட்டம் கொண்டுவந்தார். யார் படத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் இரண்டு நல்லது சொல்ல வேண்டும். பிறகு ஒரு குறை. பிறகு அதைத் திருத்த வழி. மனசு நோகக் கூடாது, ஆள் வளர வேண்டும். சட்டம் யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். ரிஜெக்டாரும் "ரைட்டு சார், நல்ல ரூலு" என்று தலையாட்டினார்.

அன்றைக்குப் பார்த்து ஒரு டிரில் மாஸ்டர் புதிதாகச் சேர்ந்திருந்தார். தன் குழந்தையின் பிறந்தநாள் படத்தை ஆசையாக மாட்டினார். ரிஜெக்டார் எழுந்து போய் நின்றார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"பேப்பர் நல்ல பேப்பரு. கிளிப்பு நல்ல கிளிப்பு. ரெண்டு நல்லது ஆச்சா? இப்போ குப்பைய பத்திப் பேசலாமா?"

"பேசலாம்" என்றார் டிரில் மாஸ்டர், விஷயம் தெரியாமல்.

"கொழந்த தலைலேர்ந்து லைட்டுக் கம்பம் மொளைச்சி நிக்குது. சாயந்திரம் ஆனா கொழந்த எரியுமா சார்?"

"அது பின்னாடி ரோட்ல இருக்கற கம்பம்ங்க..."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போட்டோவுக்குத் தெரியுமா? திருத்த வழி சொல்லணுமே, ரூலு கீதே... ரெண்டடி தள்ளி நின்னு எடுத்திருக்கணும். இப்போ ஒண்ணும் பண்ண முடியாது. கொழந்தைய மறுபடி பொறக்க வெச்சி எடுத்தாத்தான் உண்டு."

டிரில் மாஸ்டர் அதற்குப் பிறகு அந்த மாடிப்படி ஏறவே இல்லை.

இதில் எனக்கு ஆத்திரம் எங்கே என்றால், அந்த மனுஷன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஏரி சாய்ந்துதான் இருந்தது. கம்பம் முளைத்துதான் இருந்தது. தப்பாகச் சொல்கிறவனை மன்னித்துவிடலாம். குறையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதை வாய்விட்டு வேறு சொல்கிறவனை என்ன செய்வது? சரி, நீ எடுத்த படத்தைக் காட்டு என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் கழுத்தில் எந்நேரமும் ஒரு நல்ல கேமரா தொங்கும். அதைத் திறந்து காட்டினார். உள்ளே பிலிம் ரோலே இல்லை.

"ரோலு போட்டு எடுக்கற மாதிரி இந்த ஊர்ல இன்னா கீது?" என்றார். நான் அன்றைக்கு அவரைக் கொல்லாமல் விட்டதற்கு என் பொறுமைக்கு யாராவது ஒரு மாலை போட்டிருக்க வேண்டும்.

இனி என் படத்துக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனிக்குள் கேமராவுக்கு அனுமதி கிடையாது, ஆயுத பூஜை அன்று தவிர. அன்றைக்கு மட்டும் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் வரலாம். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பொரி கடலை. அன்று சேரப்பணஞ்சேரி ஏழுமலை என்னைப் பிடித்துக்கொண்டான். பிரஸ் ஓட்டுகிறவன், என் சிநேகிதன். புதுச் சட்டை போட்டு, மனைவியையும் கூட்டி வந்திருந்தான்.

"என் மெஷினோட என்னிய ஒண்ணு எடுப்பா. வூட்ல மாட்டணும்."

என் கேமராவில் தூரத்தைக் கண்ணால் அளந்து லென்ஸைத் திருப்பி வைக்க வேண்டும். அவன் மெஷினை ஒட்டி நின்றான், அதற்குத் திருப்பி வைத்தேன். நான் பொத்தானை அமுக்குகிற நேரம் பார்த்து, புதுச் சட்டை பெரிதாகத் தெரியட்டும் என்று அவன் இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டான். ஆனாலும் படம் எனக்குப் பிடித்திருந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றில் மாட்டினேன்.

ரிஜெக்டார் வந்தார். பார்த்தார். மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"யாருக்குப்பா கல்யாணம்? மெஷினுக்கா, ஏழுமலைக்கா? மெஷினு மாப்ள மாதிரி பளிச்சினு நிக்குது. ஏழுமல ஆவி மாதிரி கீறான். குப்பை."

பெருக்கல் குறி. என் படத்தின் மேல், ஏழுமலையின் நெஞ்சுக்கு நேராக. "இரண்டு நல்லது எங்கே?" என்று கத்தினேன். "கிளிப்பு ரெண்டு மாட்டிக்கீறே" என்றார். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். ஏழுமலைக்கு வேறு பிரதி போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, அந்தப் படத்தைப் பீரோவுக்கு மேல் தூக்கிப் போட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் ஏழுமலையின் வலது கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது.

கை உள்ளே போகாமல் தடுக்க அந்த மெஷினுக்கு ஓர் இரும்புக் கூண்டு உண்டு. கார்டு என்போம். கார்டு இருந்தால் வேலை மெதுவாகும், எண்ணிக்கை குறையும். அதனால் கம்பெனியே அதைக் கழற்றிப் போட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. இது அங்கே நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். விபத்து நடந்த மறுநாள் பார்த்தால் மெஷினில் புத்தம்புது கார்டு மாட்டியிருக்கிறது! ஏழுமலைக்குக் குற்றப்பத்திரிகை வருகிறது. கார்டு எப்போதும் இருந்ததாம். ஊக்கத்தொகைக்கு ஆசைப்பட்டு அன்று காலையில் அவனே கழற்றினானாம். உன்னை ஏன் டிஸ்மிஸ் செய்யக் கூடாது என்று கேள்வி. அவன் அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான்.

"வெரலு போனா போவட்டும்பா" என்றான் ஏழுமலை. "இந்தக் கையப் பாத்துட்டு இனிமே எவன் வேல குடுப்பான்? இந்த வேலயும் போச்சுன்னா நானும் அவளும் இன்னா பண்றது?"

என் படம் ஞாபகம் வந்தது. பீரோ மேலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். பின்னால் மெஷின் நிற்கிறது, கார்டு இல்லை. அதை எடுத்துக்கொண்டு, கம்பெனி வைத்த என்கொயரிக்கு ஏழுமலையின் சாட்சியாகப் போனேன். விசாரணை அதிகாரி மெட்ராஸிலிருந்து வந்த ஒரு வக்கீல். கம்பெனி பக்கம் எங்கள் பர்சனல் மேனேஜர். அவர் படத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். பூஜைக்குத் துடைப்பதற்காகக் கார்டைக் கழற்றி வைத்திருப்பார்கள், அப்புறம் மாட்டியிருப்பார்கள் என்றார். அதோடு, இந்தப் படத்தில் ஆளே கலங்கலாகத் தெரிகிறான், இதை நம்ப முடியாது, இதைச் சொல்ல விஷயம் தெரிந்த ஒருவர் வெளியே காத்திருக்கிறார் என்றார்.

கதவு திறந்தது. ரிஜெக்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இந்தப் படத்தை அவர் குப்பை என்று சொன்னது கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி. அது மேனேஜர் காதுக்கும் போயிருக்கிறது. எப்படிப்பட்ட படத்தைக் கொடுத்தாலும் குப்பை என்று சொல்கிற சாட்சி வேறு எங்கே கிடைக்கும்? ஏழுமலை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"இந்தப் படம் எப்படி?" என்றார் மேனேஜர்.

"குப்பை சார்."

மேனேஜர் அதிகாரியைப் பார்த்து முகம் மலர்ந்தார். அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டியவர், கூடுதலாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் குப்பைன்னு ஐயாவுக்கு விளக்கமா சொல்லுங்க."

ரிஜெக்டாரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் கிளப்புக்குக் கீழே கடையில் பட்டன் தைக்கிறவருக்குக்கூடத் தெரியும்.

"ஆளு போட்டோன்னா ஆளு தெரியணும். இதுல ஆளு தெரியல. பின்னாடி கீற மெஷினு தெரியுது. எவ்ளோ தெரியுதுன்னு கேளுங்க, வாங்க, கிட்ட வாங்க சார்." அதிகாரியைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டுக் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "கார்டு மாட்டற போல்ட்டு ஓட்ட நாலு. நாலும் தெரியுது. ஆள எடுக்கச் சொன்னா ஓட்டைய எடுத்துக்கீறான் இந்த முட்டாளு."

முட்டாள் என்று என்னைக் காட்டினார். நான் பல்லைக் கடித்தேன்.

"ஓட்ட இருக்கட்டும், கார்டைத்தான் பூஜைக்குக் கழற்றினோமே" என்றார் மேனேஜர்.

"கழட்டினா ஓட்ட கருப்பா, உள்ள மரை தெரியணும் சார். இதப் பாருங்க, மொழுக்குனு கீது. பெயின்ட்டு! பூஜைக்கு முந்தின வாரம் கம்பெனி ஆளு வெச்சி அடிச்ச பெயின்ட்டு ஓட்டைய அடைச்சிக்கினு கீது. ஒரு ஓட்ட மேல சந்தனப் பொட்டே வெச்சிக்கீறாங்க. அப்போ பெயின்ட்டு அடிக்கும்போதே கார்டு இல்ல. ஒரு போட்டோல இவ்ளோ குப்பை தெரியலாமா? அதான் சொல்றேன், ரிஜெக்ட்டு."

அதிகாரி படத்தை வாங்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பூஜைக்குப் பிறகு மாட்டியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டார்.

"கார்டு மாட்டணும்னா அது மொதல்ல எங்கிட்ட இன்ஸ்பெக்ஷனுக்கு வரணும், வரல. வந்தாலும் நான் பாஸ் பண்ணணும். நான் எதையாவது லேசுல பாஸ் பண்ணிக் கேள்விப்பட்டுக்கீறீங்களா?" என்று மேனேஜரையே திருப்பிக் கேட்டார்.

ஏழுமலையின் வேலை நிலைத்தது. டூல் ரூமில் உட்கார்ந்து செய்கிற வேலையாக மாற்றிக் கொடுத்தார்கள். நான் வெளியே ஓடிப்போய் ரிஜெக்டாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உதறிக்கொண்டார்.

"நன்றியெல்லாம் கெடக்கட்டும். அடுத்த தபா மூஞ்சிக்கு போகஸ் பண்ணு."

கம்பெனி சும்மா விடுமா? அந்த மாதமே அவரை ஓசூர் தாண்டி இருந்த ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். மூட்டை வரும், மூட்டை போகும். பரிசோதிக்க ஒரு பீஸ் கிடையாது. எதையும் குறை சொல்ல முடியாத இடத்தில் அவரைக் கொண்டுபோய் வைத்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். அயோக்கியர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் ஏழுமலையும் வழியனுப்பப் போனோம். வரதன் காராசேவு கொண்டுவந்தார். ரிஜெக்டார் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் கேமராவைத் தூக்கினேன்.

"இரு, இரு. வெயிலு எம் பின்னாடி கீது. மூஞ்சி கரியாத்தான் வரும்."

அந்தப் பக்கம் ஓடினேன்.

"அங்க நின்னா சினிமா போஸ்டரு என் தலைல ஏறும். தள்ளு. இன்னும் தள்ளு. கீழ குனி. கம்பி குறுக்க வருது பாரு, கண்ணு தெரியல உனக்கு?"

"ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருங்க!" என்று கத்தினேன்.

"வாய மூடினா மூஞ்சி நல்லா வராது" என்றார்.

நான் குனிந்து, தள்ளி, நிமிர்ந்து, தூரத்தை அளந்து திருப்புவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ரொம்ப லேட் என்பதுபோல் ஆட்டிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

கிளப்பில் நாங்கள் எடுத்த படங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவர் முகம் ஒன்றில்கூட இல்லை. எடுக்க விட்டால்தானே? கோணலோ, மங்கலோ, தலையில் போஸ்டர் முளைத்ததோ, எனக்கு அந்த மனுஷன் முகம் இருக்கிற ஒரு படம் வேண்டும்.