நாற்பத்தாறு எம்.பி. நியாயம்

"கோப்பின் அளவு இரண்டு எம்.பி.க்குள் இருக்க வேண்டும்" என்று கணினி மூன்றாவது முறையாகச் சொன்னபோது டிரைவர் மேசையை ஓங்கித் தட்டினார். அவருடைய பி.டி.எஃப். நாற்பத்தாறு எம்.பி. இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் அதை ஏற்றாவிட்டால் வேலைக்கே ஆபத்து.

செவ்வாய்க்கிழமை காலை சந்தை முனை நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தாமல் போய்விட்டாராம். யாரோ ஒரு பயணி படம் பிடித்துப் புகார் கொடுத்திருந்தார். பதில் வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்றது நோட்டீஸ். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவருக்கு அந்த அவமானம் பொறுக்கவில்லை. டிப்போவில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"பேசாம விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி. "நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"விடுறதா? நிறுத்தத்துல ஆள் முழுகுற பள்ளம். அதைத் தாண்டி நாப்பதடி தள்ளி நிறுத்தினேன். பதினேழு பக்கம் ஆதாரம் வச்சிருக்கேன். ஒரு பக்கம்கூட குறைக்க மாட்டேன்!"

"அப்ப சைஸையாவது குறைங்க."

குறைத்தார். தள்ளி நின்று எடுத்தால் எல்லாம் சின்னதாகத்தானே விழும்? நாற்காலி மேல் ஏறி நின்று பதினேழு தாளையும் மறுபடி செல்போனில் எடுத்தார். ஒவ்வொரு படத்திலும் மேசை, மின்விசிறியின் நிழல், அவருடைய கால் கட்டைவிரல் எல்லாம் சேர்ந்து விழுந்தன. இப்போது ஐம்பத்தெட்டு எம்.பி. ஆகியிருந்தது.

அடுத்து, இலவசமாகச் சுருக்கித் தரும் இணையதளம் ஒன்றில் போட்டார். படமெல்லாம் மங்கி, அரை எம்.பி.யாகத் திரும்பி வந்தது. பள்ளத்தின் படத்தை உற்றுப் பார்த்த மனைவி, "பூனை எப்ப அங்க வந்து படுத்துச்சு?" என்று கேட்டாள்.

"என் பள்ளம் பள்ளமாத்தான் தெரியணும்!" என்று கத்தினார். மணி நாலேகால் ஆகிவிட்டது.

மனைவி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "இந்த விளக்கக் கடிதத்தை எப்படிப் பண்ணீங்க?"

"டைப் பண்ணி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து, அதை பி.டி.எஃப். ஆக்கினேன்."

"தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டா ஃபைல் பெருசாகாம என்ன செய்யும்?"

டைப் செய்ததை நேரடியாகவே பி.டி.எஃப். ஆக்கினாள். கையெழுத்தை மட்டும் சின்னப் படமாக ஒட்டினாள். அன்றைய ஓட்ட நேரங்களைக் குறித்த டிரிப் ஷீட்டையும் மற்ற தாள்களையும் கறுப்பு வெள்ளையாக்கினாள். பள்ளத்தை மட்டும் பளிச்சென்று விட்டுவைத்தாள். மொத்தம் 1.9 எம்.பி. வந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கோப்பு ஏறியது. டிரைவர் எழுந்து நின்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "உண்மைய யாராலயும் அடக்க முடியாது," என்றார். சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வரும்போல் இருந்தது.

மூன்றாவது நிமிடம் தலைமை அலுவலக கிளார்க் போனில் கூப்பிட்டார்.

"சார், உங்க பதில் வந்துருச்சு. பஸ் நம்பர், நேரம், இடம் எல்லாம் அவ்வளவு தெளிவு."

"இப்பவாச்சும் புரியுதா, நான் யாருன்னு?"

"இப்பதான் சார் புரியுது. புகார் கொடுத்தவரும் படத்தை ரெண்டு எம்.பி.க்குள்ள சுருக்கித்தான் அனுப்பினாரு, அதுல பஸ் நம்பரே தெரியல. சரின்னு அந்த வழியில ஓட்டுற நாப்பது பேருக்கும் ஒரே நோட்டீஸைப் போட்டோம். ஒருத்தரும் வாயைத் திறக்கல. நாப்பது பேரையும் தூக்கிட்டா பஸ்ஸ யாரு ஓட்டுறது? அஞ்சு மணிக்கு ஃபைலை மூடிடலாம்னு இருந்தோம்."

"அப்ப என் பதில்?"

"நிறுத்தத்துல நிக்காத பஸ் எதுன்னு பதினேழு பக்கத்துல நிரூபிச்சுட்டீங்களே சார்!"