மாமியாருக்குக் கட்டிய நாலு பல்

பல் செய்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு மனிதர்களின் முகம் தெரியாது. யாரைப் பார்த்தாலும் கண் நேராக வாய்க்குத்தான் போகும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் யாராவது என்னிடம் வழி கேட்டால், பதில் சொல்லாமல் அவர் முன்பல்லுக்கு எந்த நிறப் பொடி சரியாக வரும் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். (கேட்டவர் அதற்குள் பஸ் ஏறிப் போயிருப்பார்.) இதை ஒரு பெரிய திறமை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் என் நிச்சயதார்த்தம் நடந்தது. நடக்காமல் போக இருந்தது என்று சொல்வதுதான் சரி.

மாப்பிள்ளை முத்துராஜுக்கு விளாத்திகுளத்தில் உரக்கடை. அவருடைய அம்மா நாகலாபுரம் பக்கத்தில் ஆடு வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தபோது அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேதான் பேசினார். காரணத்தை முத்துராஜ்தான் சொன்னார். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கிடா முட்டி, மேல்வரிசையில் நடுப்பல் இரண்டும் போய்விட்டதாம். பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவித் தாங்கலாக வைத்து, நாலு பல்லாகச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அத்தை தலைப்புக்குள் இருந்தபடியே, "பல்லு செய்யுத மருமவ வாரா. நான் எதுக்கு வேற எங்கயும் போகணும்? நீயே கட்டு தாயி" என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் தோழிகளை எல்லாம் மாமியார்கள் சாம்பார் வைக்கச் சொல்லித்தான் சோதித்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்த பாடத்திலேயே பரீட்சை வந்திருக்கிறது. (சாம்பார் வைக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பார்கள்.)

நான் வேலை பார்க்கும் லேப்புக்கு டாக்டரிடமிருந்து அளவு வந்தது. கூடவே, உதட்டை விலக்கி டாக்டர் செல்போனில் எடுத்த போட்டோவும் வந்தது. அத்தைக்கு அசல் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பல். போர்வெல் தண்ணியைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் காவி ஏறியிருக்கும். குறுக்கே பழுப்பு வரி, ஆங்காங்கே சுண்ணாம்புப் புள்ளி. வெளியூர் லேப்களில் இந்தப் பல்லைக் கண்டால் திணறிப் போவார்கள். நான் அந்தப் போட்டோவைப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

வேலை ஆரம்பித்தது. உலோகத்தில் வார்த்த கூட்டின் மேல், உள்ளே இருக்கும் கருப்புத் தெரியாதபடி முதலில் ஒரு பூச்சு பூசிச் சுட்டேன். பிறகு பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பிரஷ்ஷால் அப்பி, ஈரத்தை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து, நாலு பல்லையும் அளவுக்கு மேல் பெரிதாகவே கட்டினேன். அடுப்பில் வெந்தால் சுருங்கிவிடும். வெந்து வந்ததை ராவி உருவம் கொண்டுவந்த பிறகு தொடங்கியது என் வித்தை. பழுப்பு, ஆரஞ்சு, துளி சாம்பல் என்று சாயங்களைக் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் அந்தக் காவியை வரி வரியாக எழுதினேன். சுண்ணாம்புப் புள்ளியைக்கூட விடவில்லை. கடைசியில் பளபளப்புக்கு ஒரு சூடு.

லேப் முதலாளி அண்ணாச்சி, "டாக்டருக்கு ஒருக்கா ட்ரையலுக்கு அனுப்பிட்டு அப்புறம் பளபளப்பு ஏத்தக்கூடாதா? ஒங்க அத்தையும் ஒரு தடவை பாத்துக்கிடட்டுமே" என்றார்.

"நேரமில்ல அண்ணாச்சி. நிச்சயத்துக்கு முன்னால ஒட்டியாகணும். அதோட, பாக்க என்ன இருக்கு? அச்சு அசல்" என்றேன். (அந்த வாயை அன்றைக்கே யாராவது பூசி மூடியிருக்கலாம்.)

நிச்சயத்துக்கு முந்தின நாள் டாக்டர் பல்லை சிமென்ட் போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்டுப் போன் பண்ணினார். "செல்வி, எது உன் பல்லு, எது அவங்க பல்லுன்னு எனக்கே தெரியலம்மா." கண்ணாடியைக் காட்டியதும் அத்தை தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். நான் லேப்பில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் முத்துராஜ் கூப்பிட்டார். "அம்மா வீட்டுக்கு வந்து மூக்குக் கண்ணாடியப் போட்டாவ. நிலைக்கண்ணாடி முன்னால போயி நின்னாவ. அதுல இருந்து பேச்சே இல்ல, செல்வி. வலிக்குதான்னு கேட்டா இல்லன்னு தலைய ஆட்டுதாவ. சாப்பிடுதாவ. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கெடையாது."

கடலைமிட்டாயைக் கடித்துப் பீங்கான் தெறித்திருக்குமோ? ஓரத்தில் கருப்பு தெரிகிறதோ? பல் உயரமாகிப் பேச்சு உளறுகிறதோ? செய்த வேலையில் எத்தனை தப்பு வரலாமோ அத்தனையையும் யோசித்துப் பார்த்தேன். அத்தையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. போன் போட்டுக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

மறுநாள் எங்கள் வீட்டில் பந்தல், பாய், சொந்தபந்தம். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். அத்தை தலைப்பால் வாயைப் பொத்தியபடி இறங்கினார். என் அம்மா "வாங்க மதினி" என்றதற்கு ஒரு கும்பிடு. காப்பி குடித்தீர்களா என்றதற்கு ஒரு தலையாட்டல். எனக்குப் பூ வைத்தபோதும் உதடு பிரியவில்லை. நான் அத்தை காலில் விழுந்தேன். விழுந்தவள் எழுந்திருக்காமல், தலைப்புக்கு அடியில் ஏதாவது தெரிகிறதா என்று கீழேயிருந்து எட்டிப் பார்த்தேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

"ஏட்டி, அங்கன என்ன பார்வை? தலையக் குனி."

கூடத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. பெண்ணைப் பிடிக்கவில்லை போல என்றாள் ஒருத்தி. நகை பத்தவில்லை போல என்றாள் இன்னொருத்தி. என் பெரியப்பாவுக்கு ரோசம் ஜாஸ்தி. தட்டைத் தூக்கப் போன முத்துராஜின் மாமாவை நிறுத்திவிட்டார்.

"இருங்க அண்ணாச்சி. மாப்பிள்ளையோட அம்மா வாயத் தொறந்து சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுக்குப் பொறவு தட்ட மாத்துவோம். தலையாட்டலுக்கெல்லாம் நாங்க பொண்ணு குடுக்க மாட்டோம்."

முத்துராஜ் அம்மாவைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தார். எனக்கு முத்துராஜை ரொம்பப் பிடித்திருந்தது. என் பல்லால் அவர் கை நழுவிப் போகப் போகிறார் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. கல்யாணப் பெண் பேசக்கூடாது என்பதெல்லாம் மறந்து கத்திவிட்டேன்.

"அத்தை! பீங்கான் ஒடைஞ்சிருச்சா?"

அத்தை தலைப்பை இறக்கினார். "ஒடையல. ஒடைஞ்சிருந்தாத்தான் தேவலையே, வேற போட்டிருப்பியே."

அவ்வளவு கலவரத்திலும் என் கண் நேராகப் பல்லுக்குத்தான் போனது. வரி வரியாகப் பிரமாதமாக இருந்தது.

"சின்னப் புள்ளையில இருந்து இந்தக் காவிப் பல்லுக்கு வெக்கப்பட்டு வாயப் பொத்திக்கிட்டே சிரிக்கேன்" என்றார் அத்தை. "எங் கல்யாணத்துலயும் பொத்திக்கிட்டுதான் இருந்தேன். கெடா முட்டினப்ப வலி உசிரு போச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். போனது காவிப் பல்லுல்லா! மருமவ வெள்ளையாக் கட்டித் தருவா, மவன் கல்யாணத்துல வாயத் தொறந்து சிரிக்கலாம்னு இருந்தேன். நீ என்னடான்னா போன பல்லயே தேடிப் புடிச்சுக் கொண்டாந்து வச்சிருக்க!"

அந்த வாயை மாதிரியாக வைத்து எழுதினேனே தவிர, அது ஏன் எப்போதும் மூடியே இருக்கிறது என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. பதற்றத்தில், "இப்பமே அறுத்து எடுத்திருவோம் அத்தை!" என்றேன். நிச்சயதார்த்தப் பெண் வாயில் 'அறுத்து' என்ற சொல்லைக் கேட்டதும் கூடத்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

முதலில் சிரித்தது பெரியப்பா. அப்புறம் அத்தையும் சிரித்துவிட்டார், தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டு. சிரித்து முடித்ததும் பெரியப்பாவிடம் சொன்னார்: "எனக்குப் பொண்ணு சம்மதம் அண்ணாச்சி. பல்லுதான் சம்மதம் இல்ல."

தட்டு மாறியது.

அந்த வாரமே டாக்டர் என் தலைசிறந்த படைப்பை வெட்டி எடுத்தார். தற்காலிகப் பல்லை மாட்டிக்கொண்டு அத்தை லேப்புக்கே வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நிறம் பார்க்கிற மாதிரிப் பற்களை நீட்டினேன். வரிசையிலேயே வெளுத்ததைத் தொட்டார்.

"இதவிட வெள்ளை இல்லையா?"

"அத்தை, பக்கத்துப் பல்லு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். அந்தக் காவிப் பல்லோடு எத்தனை வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தார் என்று அவர்தான் ஏற்கெனவே சொல்லியிருந்தாரே. நாலும் வெள்ளை வெளேரென்று வெந்து வந்தன. ஒவ்வொரு சூட்டுக்கும் அடுப்புக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இந்தத் தடவை விரிசல் விழுந்தால் கல்யாணத்துக்குள் இன்னொன்று செய்ய நாள் இல்லை. டாக்டருக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. அத்தை மூக்குக் கண்ணாடியோடு போய் உட்கார்ந்து, பார்த்து, சரி என்ற பிறகுதான் ஒட்டினார்கள்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற போட்டோ ஒன்று இருக்கிறது. எல்லோர் கையிலும் அட்சதை. முத்துராஜ் குனிந்து முடிச்சுப் போடுகிறார். பின்னால் நிற்கும் அத்தையின் தலைப்பு தோளில் கிடக்கிறது. வாய் காது வரைக்கும் திறந்திருக்கிறது. நான் முத்துராஜையும் பார்க்கவில்லை, தாலியையும் பார்க்கவில்லை. கழுத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி, அத்தையின் வாயையே வெறித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை ஆல்பத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்துவிடுவார். "இங்கன பாருங்க. எம் மவன் தாலி கட்டுதான். இவ யாரைப் பாக்கா? எம் மவனுக்கா கழுத்த நீட்டினா, எம் பல்லுக்குல்லா நீட்டினா!"

சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டே சிரிப்பார்.