கற்பனை அங்கி

எந்தக் கொடிய தொற்றுநோயும் முன்னனுமதியின்றி எங்கள் தீவுக்குள் நுழையக் கூடாது என்று தலைநகரில் முடிவாயிற்று. அதை நிறைவேற்ற எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு ஃபிலிமோனி ஐயா என்ற மேலதிகாரி வந்து சேர்ந்தார். கூடவே உடம்பு முழுக்க மூடுகிற வெள்ளைப் பாதுகாப்பு அங்கிகளும் வந்தன. அவற்றை அன்றே இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

எங்கள் குழுத் தலைவி லைசானி கேட்டாள்: "போட்டுப் பழக வேண்டாமா ஐயா?"

"பழகினா அது பயன்படுத்தின அங்கி ஆயிடும்மா. பயன்படுத்தினதை எரிக்கணும்னு விதி. எரிச்சிட்டா, நோய் வர்றப்ப எதைப் போடுவீங்க?"

"அப்ப எப்படிப் பழகறது?"

"மனசுல போட்டுக்குங்க."

காலைதோறும் படகுத்துறை வாசலில் கற்பனை அங்கியை மாட்டினோம், கழற்றினோம். ஸ்ட்ரெச்சரை ஒற்றை ஆளாகத் தூக்கும் டோமாசி மட்டும் வயிற்றை எக்கிக்கொண்டு திண்டாடினான்.

"கற்பனையிலயாவது பெரிய சைஸ் எடுக்கக் கூடாதாடா?" என்றேன். நான் வண்டி ஓட்டுபவன்.

"இருக்கறதுலயே பெருசு இதான்டா!"

ஊர்ஜனம் மரவள்ளிக்கிழங்கைத் தின்றபடி வேடிக்கை பார்த்தது. ஐயா எங்களை 'முழு ஆயத்தநிலை எய்தியோர்' என அறிவித்தார்.

ஒரு மத்தியானம் சரக்குப் படகிலிருந்து சமையற்காரன் எமோசியை இறக்கினார்கள். அனலாய்க் காய்ச்சல், முகமெல்லாம் செந்தடிப்பு, மூச்சு இழுத்தது. என்ன நோயென்று யாருக்கும் தெரியவில்லை. லைசானி சாவிக்கு ஓடினாள்.

"அடுத்த மாசம் அமைச்சர் வந்துதாம்மா அலமாரியைத் திறந்து வைக்கணும்" என்றார் ஐயா.

"ஆளு போயிடுவான் ஐயா!"

"நான் மறுக்கலையே. மேலிடத்துல கேட்டிருக்கேன்."

லைசானி டோமாசியைப் பார்த்தாள். அவன் அலமாரிக் கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கதவு பதவி விலகியது.

அவசரத்தில் ஒருவருக்கொருவர் அங்கியை மாட்டிவிட்டு, எமோசியைத் தனியறையில் கிடத்தி ஆக்சிஜன் வைத்தோம். அவன் டோமாசியின் கையுறை போட்ட கையைப் பற்றினான். "செத்துடுவேனாண்ணே?"

"இந்தச் சட்டைக்குள்ள நானே உயிரோட இருக்கேன். உனக்கென்னடா?"

எமோசி சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான்.

விபரீதம் வெளியே வந்தபின்தான். கழற்றும்போதுதான் கிருமி ஒட்டும். நாங்கள் பழகிய கற்பனை அங்கிக்கு ஜிப் நெஞ்சில். நிஜ அங்கிக்கு முதுகில். டோமாசியின் அழுக்குக் கை ஜிப்பைத் தேடிக் கழுத்துவரை போய்விட்டது.

"கையை இறக்கு!" வெளியே காத்திருந்த லைசானி அலறினாள். "யாரும் எதையும் தொடாதீங்க!"

வெயிலில் கம்பம்போல நின்றோம். அவள் புதுக் கையுறையும் அங்கியும் மாட்டி, ஒவ்வொருவராய் முதுகுப்பக்கம் திறந்து, உள்புறம் வெளியே வரும்படி சுருட்டி இறக்கினாள். நன்றாகக் கற்றதெல்லாம் தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

எமோசி பிழைத்துக்கொண்டான். நோய் தட்டம்மை என்று பரிசோதனை சொன்னது. 'ஒத்திகை மாபெரும் வெற்றி' என்று ஐயா மேலிடத்துக்கு எழுதினார். அங்கி போட்ட எங்கள் படம் பத்திரிகையில் வந்தது. பிறகு தீவெங்கும் வெள்ளை அங்கிதான் நாகரிகம். தையற்காரருக்குத் தூக்கமில்லை. சர்ச் பாடகர்களும் அதில்தான் வந்தார்கள், மாப்பிள்ளைத் தோழர்களும் அதில்தான்.

லைசானி சந்தையில் தட்டம்மை ஊசிக்கு மேசை போட்டாள். ஒருவரும் வரவில்லை.

"எங்களுக்கு எதுக்கும்மா ஊசி?" என்றாள் மீன் விற்பவள். "அதான் டிரெஸ் தைச்சாச்சே!"

லைசானி தலையில் அடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "இவங்களை விடுங்க. நீங்கல்லாம் ஊசி போட்டாச்சில்ல?"

ஃபிலிமோனி ஐயா வாழைப்பழத்துக்குப் பேரம் பேசத் தொடங்கினார். டோமாசி தேங்காய் மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினான். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சிறிதாவதை அன்றுதான் பார்த்தேன். நான் ஆம்புலன்ஸில் ஏறி, சைரனைப் போட்டுக் கிளம்பினேன்.