அத்தனை பிள்ளைகளும் பாஸ் அவுட்

தனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று நம்புகிறவர்களிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள். பாளையங்கோட்டையில் படிக்கிற காலத்தில் ஆங்கிலப் பேச்சுப் போட்டிகளில் சோப்பு டப்பாக்களாக வாங்கிக் குவித்தவள் நான் (அப்போதெல்லாம் முதல் பரிசே சோப்பு டப்பாதான்). அந்தத் தெம்பு அமெரிக்கா வந்தும் குறையவில்லை.

ஃப்ரீமான்ட் நகரில் எங்கள் சர்ச்சில் ஸ்பானிஷ் பூசை முடிந்துதான் தமிழ்ப் பூசை. அவர்கள் வெளியே வர, நாங்கள் உள்ளே போக, வாசலில் பழக்கமானவள் எலேனா. ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. மகள் இசபெல் கணக்கில் கெட்டி. ஆனால் அவள் படித்த பள்ளியில் கல்லூரி என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. என் மகள் ரேச்சலுக்கோ, கல்லூரி இடத்துக்குப் போட்டி போடவே தனி கோச்சிங் வைத்திருந்தோம். அது என்னை உறுத்தியது. நானும் என் கணவர் சேவியரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து சார்ட்டர் பள்ளி ஒன்று தொடங்குவதென்று கிளம்பினோம். அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் இலவசப் பள்ளி. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்வதுதான் அதன் வேலை.

அதற்குக் கல்வி வாரியத்தின் அனுமதி வேண்டும். பொதுக் கூட்டம் வைத்தார்கள். அங்கே கோட்டை விட்டால் இசபெல் பழைய பள்ளியிலேயே இருக்க வேண்டியதுதான்.

நான் பட்டுப்புடவையில் போனேன். “பெர்மிஷன் கேக்கத்தான் போறோம், பொண்ணு கேக்க இல்ல” என்றார் சேவியர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எலேனாவும் ஸ்பானிஷ் பேசும் மற்றத் தாய்மார்களும் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் பேசுவதை ஒருவர் மூலையில் இருந்து ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட மாட்டோம், அத்தனை பேரும் பாஸ் அவுட் ஆவார்கள் என்றேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினார். தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உருகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்திச் சொன்னேன். நானும் என் கணவரும் ஒரே கல்லூரியில் ஒரே நாளில் பாஸ் அவுட் ஆனோம், பெற்றோர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள், அந்தப் பாக்கியம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றேன்.

வாரியத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளியில் நர்ஸ் இருப்பாரா என்று கேட்டார்.

முன்வரிசையில் இருந்த ரேச்சல் முகத்தை மூடிக்கொண்டு சொன்னாள்: “மாம், ஸ்டாப். பாஸ் அவுட்னா மயங்கி விழறது.”

நம்மூரில் படித்து முடித்து வெளியே வருவதற்கு அதுதான் சொல். இந்த ஊரில் அது மயக்கம். அத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் எனக்கு அது உறைக்கவில்லை. கூடம் சிரித்தது. பட்டுப்புடவைக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அப்போது எலேனா எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவள் ஸ்பானிஷில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்.

“என் பொண்ணு இப்போ படிக்கிற ஸ்கூல்லயே மயங்கித்தான் விழறா. காலைல வெறும் வயித்தோட போறா. கிளாஸ்ல தூங்குறான்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புறாங்க. இந்தம்மா பிள்ளைங்க விழும்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்காங்க. அப்போ விழறப்ப பிடிச்சுக்குவாங்க.”

எங்கள் திட்டத்தில் கால்குலஸ் இருந்தது, கட்டுரைப் பயிற்சி இருந்தது, கல்லூரிச் சுற்றுலாகூட இருந்தது. காலைச் சாப்பாடு இல்லை. வாராவாரம் அவளோடு வாசலில் நின்று, அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசியவள் நான். அந்தக் குழந்தை சாப்பிட்டாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. என் சொல்லைத் திருத்த வாய் வரவில்லை. பிடித்துக்கொள்வோம், முதலில் சாப்பாடு, அப்புறம்தான் பாடம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அனுமதி கிடைத்தது. இன்றும் வகுப்பறைக்கு முன்னால் சமையலறையைத்தான் திறக்கிறோம்.

விருந்தாளிகள் வந்தால் சேவியர் இந்தக் கதையை எடுக்காமல் விடமாட்டார். பட்டுப்புடவையில் ஆரம்பித்து, நர்ஸ் வரைக்கும் நடித்தே காட்டுவார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதோடு நிறுத்திவிடுவார். எலேனா எழுந்ததை இதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நர்ஸோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். நான் எழுந்து போய் எல்லாருக்கும் தட்டு வைப்பேன்.